கறந்த மரம்

தனபாக்கியம் அக்கா வீட்டு வாசலில் நட்ட முகூர்த்தக்காலில் பூசிய மஞ்சள் கண்ணெதிரே சிவந்தபோது, கூடியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தேன். அந்த மஞ்சளைக் குழைத்துக் கொடுத்தவளே நான்தான். அதில் ஒரு துளி சுண்ணாம்பு கிடையாது. சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்பு இல்லாமல் சிவந்தது என்றால், காரம் மரத்துக்குள் இருந்திருக்க வேண்டும். சவுக்கு மரத்துக்குள் காரம் தானாக வராது. எங்கள் கம்பெனி ஏற்றினால்தான் வரும்.

“பாத்தீங்களா மேடம், கால் செவந்துடுச்சு! எம்பொண்ணு நல்லா இருப்பா” என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் அவர். ஒன்பது நாளில் மகளுக்குக் கல்யாணம்.

பந்தல்காரர் ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டார். “எல்லாக் காலும் செவக்காதும்மா. இது மங்களக் கால். போன வருஷத்துலேர்ந்துதான் கம்பு விக்கிற தொட்டிக்கு வருது. கேட்டு வாங்கணும். வெள்ளை வெளேர்னு, லேசா இருக்கும். ஒரு ஆளே ரெண்டு கம்பத் தூக்கலாம்.”

லேசாகத்தான் இருக்கும். மரத்தின் எடையில் கால் பங்கை நாங்கள் உருவி விற்றுவிட்டோமே.

எங்கள் வியாபாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் காகித ஆலைகள் மரத்தை வேகவைத்து, நாரை எடுத்துக்கொண்டு, மிச்சமான கறுப்புச் சாற்றை பாய்லரில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சாற்றில்தான் லிக்னின் இருந்தது. மரத்தை மரமாக நிற்க வைக்கிற சத்து அது. பிறகு எண்ணெய்க் கிணறுகள் வற்ற வற்ற உலகம் அதை மோப்பம் பிடித்துவிட்டது. கான்கிரீட்டை இளக்க லிக்னின், சாலைப் புழுதியை அடக்க லிக்னின், கோழித் தீவனத்தை உருண்டை பிடிக்க லிக்னின், பஸ் பேட்டரிக்கு லிக்னின். நீங்கள் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கிற ஐஸ்கிரீமின் வெனிலா வாசனையும் அதிலிருந்துதான். காகிதம் வேண்டாம், சாற்றைக் கொடு என்று கப்பல் கம்பெனியிலிருந்து சிமெண்ட் கம்பெனி வரை வரிசையில் நின்றார்கள்.

வெட்டி, அரைத்து, வேகவைத்துக்கொண்டிருந்தால் இந்தப் பசிக்குப் போதுமா? தாருவன் கெமிக்கல்ஸ், அதாவது எனக்குச் சம்பளம் தருகிறவர்கள், ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நிற்கிற மரத்தின் அடியில் துளை போட்டு, நொதியும் காரமும் கலந்த ஒரு திரவத்தை ஏற்றினால், பதினெட்டு நாளில் லிக்னின் கரைந்து கீழே கட்டிய கேனில் கறுப்பாக வடியும். மரம் நின்றபடியே இருக்கும். கடலோரத்துச் சவுக்குத் தோப்புக்காரர்கள் இதற்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: மரம் கறக்குறது.

கறந்த மரத்தைப் பத்து நாளுக்குள் வெட்டிக் கூழாக அரைத்துவிட வேண்டும் என்பது விதி. அடையாளத்துக்கு மரத்தைச் சுற்றி நீல வளையம் வரைவார்கள். அந்த வளையத்தை யோசித்த குழு ஏதோ ஒரு நகரத்தில் குளிர் அறையில் உட்கார்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பந்தல் கம்பைப் பட்டை உரித்துத்தான் விற்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பட்டையோடு வளையமும் உரிந்து குப்பைக்குப் போய்விடும். இதில் கூழை வாங்க ஆளில்லை. அரைக்கிற செலவு, ஏற்றுகிற செலவு எல்லாம் தலையில் விழுமே என்று மரம் வெட்டுகிற ஒப்பந்தக்காரர்கள் கறந்த மரத்தைக் கம்பாகத் தள்ளிவிட்டார்கள். எங்கள் ஊர் மக்கள் அதில் மஞ்சளைத் தடவி, அது சிவந்ததைப் பார்த்து, மங்களம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். விஷயம் தெரியாவிட்டால் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று ஏகாம்பரம் அறுத்துப் போட்ட நுனித் துண்டு ஒன்றை எடுத்துவந்து வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். மறுநாள் காலை வாளியோடு அவர் கொட்டகைக்குப் போனேன். கம்புகளை நீளவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா மேடம், வாளியும் கையுமா?”

“நேத்து நீங்க அறுத்த துண்டுதான். எடுத்து வளைச்சுப் பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். மணிக்கட்டுத் தடிமனுள்ள அந்தச் சவுக்கு, நனைந்த சாக்கைப் போல அவர் கையில் மடிந்து தொங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு முறை மடித்துப் பார்த்தார்.

“இது மரமே இல்லியேம்மா.”

“மரத்துல நாரு இருக்கு, அது கம்பி மாதிரி. நாரை ஒட்டி நிக்கவைக்கிற சத்து ஒண்ணு இருக்கு, அது சிமெண்ட் மாதிரி. எங்க கம்பெனி சிமெண்ட்டை உருவிக்கிட்டு கம்பிய விட்டுடுது.”

“அப்ப இதுவரைக்கும் எப்படி நின்னுச்சு?”

“காய்ஞ்சிருக்கிற வரைக்கும் நிக்கும். ஒரு நல்ல மழை அடிச்சா துவண்டுடும்.”

அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தார். “பதினாலு பந்தல் போட்டிருக்கேன் இந்தக் கம்புல. ஒண்ணுலயும் மழை பெய்யல. அவ்ளோதான், இல்ல?”

“அவ்ளோதான்.”

“செவக்கறது?”

“நாங்க ஏத்துன காரம் மிச்சம் இருக்கு. அதான் மஞ்சள் செவக்குது.”

ஏகாம்பரம் அன்று மதியமே தனபாக்கியம் அக்கா வீட்டுப் பந்தலைப் பிரித்தார். நட்ட முகூர்த்தக்காலையும் பிடுங்கிவிட்டு, வேறு கம்பில் புதிதாகப் போட்டார். இது எப்பேர்ப்பட்ட காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நட்ட காலைப் பிடுங்குவது என்றால் கல்யாணத்தையே பிடுங்குவது. அக்கா தெருவில் நின்று என்னைப் பார்த்து, “எம்பொண்ணு வாழ்க்கைய உன் சோதனைக் குழாயில ஊத்திட்டியேடி” என்று கத்தினார். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவர்.

கல்யாணத்தன்று ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய பந்தலே நின்றிருக்கும். அக்கா வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்டால் அது ஆபத்தே இல்லை என்று ஆகிவிடுகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஏகாம்பரம் மட்டும் அசையவில்லை. தன் கையில் மடிந்ததை அவர் மறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஆலை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“நம்ம ஆளுங்களுக்கெல்லாம் இத எப்படிம்மா சொல்றது? ஒவ்வொரு கம்பையும் ஊறப்போட்டுப் பாக்க முடியுமா?”

ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே ஒரு திரவம் இருக்கிறது. லிக்னின் இருக்கிற இடத்தில் சிவக்கும், இல்லாத இடத்தில் நிறம் மாறாது. ஆனால் அதோடு கடுமையான அமிலத்தையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அதைப் பந்தல்காரர்கள் கையில் கொடுக்க முடியாது. மஞ்சள் எல்லார் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் இருக்கிறது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சொன்னேன்: “மஞ்சளைக் குழைச்சுத் தடவுங்க. செவந்தா அந்தக் கம்பைத் தொடாதீங்க. மஞ்சளாவே இருந்தா தைரியமா எடுங்க.”

மஞ்சள் காட்டியது காரத்தை. சத்து போனதை அது காட்டவில்லை. பதினாறு வருடம் வேதியியல் பார்த்தவள் நான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்ததால் பெரிதாக நினைக்கவில்லை.

ஏகாம்பரம் அந்த ஒரு வாக்கியத்தை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். மடியில் மஞ்சள் பொட்டலத்தோடு மரக்காணத்திலிருந்து சிதம்பரம் வரை பந்தல்காரர்களையும் சாரம் கட்டுகிறவர்களையும் தேடிப் போய்ச் சொன்னார். மங்களக் கால் என்று வாங்கியவர்கள் முதலில் அடிக்கவே வந்தார்களாம். அவர் வாளியில் ஊறிய துண்டைக் காட்டினார். மூன்று மாதத்தில் சிவக்கிற கம்பைத் தொடுவார் இல்லை. கம்பு விற்காவிட்டால் மரத்தைக் கறக்க விடமாட்டோம் என்று தோப்புக்காரர்கள் கம்பெனிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் மேலாளர் ஜெயகருக்கு என் ஞாபகம் வந்தது. நான் அனுப்பிய அறிக்கை ஆறு வாரமாக அவர் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதில் ஐந்து பரிந்துரைகள் எழுதியிருந்தேன். கறந்த மரத்தைக் கம்பெனியே எடுத்து அரைக்க வேண்டும். அடையாளத்தைப் பட்டையில் போடாமல் மரத்துக்குள் போட வேண்டும். ஊர் ஊராக எச்சரிக்கை ஒட்ட வேண்டும். நான்காவது, மரத்தை லேசான அமிலத்தில் கழுவி, மிச்சமுள்ள காரத்தைப் போக்கிய பிறகே பட்டை உரிக்கக் கொடுக்க வேண்டும். உரிக்கிற பெண்களின் கைத்தோல் வெந்து உரிகிறது. ஐந்தாவது, கம்பாக விற்பதை அடியோடு நிறுத்த வேண்டும்.

“மேடம், பேட்டரிக்காரன் இந்த வருஷத்துக்கு நாப்பதாயிரம் டன் கேக்கறான். விவசாயி கேட்டைத் தொறக்க மாட்டேங்கறான். நடுவுல உங்க மஞ்சள் புரட்சி வேற” என்றார் ஜெயகர். கோபமே படமாட்டார். அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய விஷயம்.

“ஆளுங்க சாவாங்க சார்.”

“இதுவரைக்கும் யாராவது?”

“மழை வரட்டும், அப்பறம் எண்ணிக்கலாம்னு சொல்றீங்களா?”

“அப்படியா சொன்னேன்? உங்க அறிக்கை நல்லா இருக்கு. முடிஞ்சதச் செய்வோம்.”

இரண்டு மாதம் கழித்து, உணவு இடைவேளையில் அஞ்சலாட்சி என்னைத் தேடிவந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். பட்டை உரிக்கிற கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. போன தடவை பார்த்தபோது அந்தக் கைகளில் ரேகையே இல்லை, சிவந்த சதைதான் இருந்தது.

“பாருங்க மேடம், தோலு மூடிடுச்சு. இப்பல்லாம் மரத்தப் புளிச்ச தண்ணித் தொட்டியில முக்கி எடுத்துத்தான் தராங்க. நீங்கதான் எழுதிப் போட்டீங்களாமே. எம்பேத்திக்கு நானே தலை பின்னி வுடுறேன். மின்னாடியெல்லாம் கை பட்டாலே எரியும்.”

நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. என்னால் ஒரு நல்லது நடந்தது என்று அன்று வீட்டுக்குப் போகும்போது பாட்டுக்கூடப் பாடினேன். காரம் போனால் மஞ்சள் சிவக்காது என்பது பள்ளிக்கூடப் பாடம். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, ஆலப்பட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். தெருவை அடைத்துப் பந்தல். விடியற்காலையிலிருந்து விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மேலே கீற்று கனத்துக்கொண்டே போயிருக்கிறது. பத்தரை மணிக்குக் குண்டான்களோடு வரிசையில் நின்ற பெண்கள் மேல் பந்தல் உட்கார்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், விழவில்லை, உட்கார்ந்தது என்று. கீற்றுக்கும் கொதிக்கிற அண்டாவுக்கும் நடுவில் மாட்டி மூன்று பேர் செத்துப்போனார்கள். பந்தல் போட்டவர் ஏகாம்பரம்.

செய்தி கேட்டு ஓடினேன். கம்புகள் ஒடியவில்லை. நனைந்து, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கோயில் வாசலில் சிந்திக் கிடந்த மஞ்சளை அள்ளி ஒரு கம்பில் தேய்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்த கம்பில் தேய்த்தேன், அதிலும் அப்படித்தான். ஒரு பைத்தியக்காரியைப் போல எல்லாக் கம்பிலும் தேய்த்துக்கொண்டே போனேன். கூட்டத்தில் யாரோ, “இந்த அம்மாவுக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஜெயகர் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். “ஆபத்த விட்டுட்டு அடையாளத்தக் கழுவிட்டீங்களே சார்” என்றேன்.

“உங்க நாலாவது பரிந்துரைதானே மேடம்? தொழிலாளர் நலன். அதைத்தான் செஞ்சோம்.”

“மீதி நாலு?”

“பரிசீலனையில இருக்கு” என்றார். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்தார், அதில் ஒரு சலனமும் இல்லை. அவர் தெரிந்து செய்தாரா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. தோப்புக்காரர்கள் மறுபடி கதவைத் திறந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

கோட்டாட்சியர் விசாரணை ஒரு மாதம் கழித்து நடந்தது. ஏகாம்பரத்தைக் காவலில் இருந்து அழைத்துவந்தார்கள். மீசை இல்லை. முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. கம்பெனி சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். நிபுணர் சாட்சியாக நான்.

“கம்பு வாங்கும்போது சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று கோட்டாட்சியர் கேட்டார்.

“பாத்தேங்கய்யா. தூக்கும்போது லேசா இருந்துச்சு. சந்தேகம் வந்துச்சு. ஒவ்வொரு கம்புலயும் மஞ்சள் தடவிப் பாத்தேன். ஒண்ணுகூடச் செவக்கல. அப்பறம்தான் எடுத்தேன்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, “மஞ்சள் தடவியா?” என்று கேட்டார்.

வழக்கறிஞர் எழுந்தார். “லேசாக இருந்தது, சந்தேகம் வந்தது என்று இவரே ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகும் முறையான பரிசோதனை எதுவும் செய்யாமல், மஞ்சள் பூசிச் சகுனம் பார்த்திருக்கிறார். இந்த மூடநம்பிக்கைக்கு மூன்று உயிர் போயிருக்கிறது. நிபுணரைக் கேட்கலாம்.” என் பக்கம் திரும்பினார். “சங்கமித்ரா மேடம், விபத்து நடந்த பந்தலின் கம்புகளை நீங்கள் சோதித்தீர்கள். மஞ்சளின் நிறத்தை வைத்து அந்தக் கம்புகளின் வலிமையை அறிய முடியுமா?”

“மஞ்சள் தடவச் சொன்னதே நான்தான்” என்றேன்.

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் கம்புகளில் அறிய முடியுமா, முடியாதா?”

“அமிலத்துல கழுவறதுக்கு முன்னாடி முடியும். கழுவினதுனாலதான்...”

“கழுவியது தொழிலாளர் பாதுகாப்புக்காக. நீங்களே எழுத்தில் கேட்டது. நகல் தாக்கல் செய்திருக்கிறோம். நான் கேட்பது விபத்து நடந்த கம்புகளை.”

கோட்டாட்சியர் பொறுமையாகத்தான் சொன்னார். “மத்ததெல்லாம் எழுதிக் கொடுங்கம்மா, சேத்துக்கறேன். இதுக்கு மட்டும் ஆமா, இல்லன்னு சொல்லுங்க.”

பொய் சொல்லியிருக்கலாம். முடியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த நிமிடமே ஒரு கம்பைக் கொண்டுவந்து என் முன்னால் மஞ்சளைத் தடவியிருப்பார்கள். உண்மை என்று ஒன்றுதான் இருந்தது. அது ஏகாம்பரத்துக்கு எதிராக இருந்தது.

“முடியாது” என்றேன்.

தட்டச்சு சத்தம் கேட்டது. வழக்கறிஞர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார்கள்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னைக் கண்டால் எப்போதும் எழுந்து நிற்பவர்தான்.

“மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு நீங்க சொல்லும்போது, மஞ்சளோட வேற எதையாவது சேத்துத் தடவணும்னு சொன்னீங்களா? ஜெயில்ல ராவும் பகலும் அதையேதான் யோசிக்கிறேன். ஞாபகம் வரமாட்டேங்குது. நான்தான் எதையோ விட்டுட்டேன்.”

“நீங்க எதையும் விடல. நான் சொன்னதுதான் தப்பு” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “இல்ல மேடம். நீங்க படிச்சவங்க, தப்பா சொல்லியிருக்க மாட்டீங்க. எனக்குத்தான் சரியா வெளங்கல. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.